சாப்ளினுக்கு முன்பே உலகைச் சிரிக்க வைத்த மாக்ஸ் லிண்டர்: அவருடைய திரைவாழ்வு எப்படி அமைந்தது, ஏன் மறக்கப்பட்டார்?

கேள்வி

மௌனப்பட ஆர்வலர்கள் அனைவருக்கும் வணக்கம். சில நாட்களுக்கு முன் நண்பர் ஒருவர் அனுப்பிய சிறு காணொளியை எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் திறந்து பார்த்தேன். முந்தைய இரவின் மது மயக்கம் இன்னும் தெளியாத ஒரு கனவான், முகச்சவரம் செய்துகொள்வதற்காக ஆளுயரக் கண்ணாடியின் முன் வந்து நிற்கிறார். அந்தக் கண்ணாடியோ ஏற்கெனவே உடைந்துவிட்டது. அதை மறைப்பதற்காக வீட்டு வேலைக்காரன், எசமானரைப் போலவே உடுத்திய சமையற்காரரை வெறும் சட்டத்தின் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறான். இவர் கையை உயர்த்தினால் அவரும் உயர்த்துகிறார். இவர் முகத்தைச் சுளித்தால் அவரும் சுளிக்கிறார். தன் பிம்பத்தின் மீதே ஒரு மனிதனுக்கு மெல்ல மெல்லச் சந்தேகம் முளைப்பதை, ஒரு சொல்லும் இல்லாமல் இவ்வளவு நுட்பமாக நடித்துக் காட்ட முடியுமா என்று வியந்து, அதே இரவில் நான்கு முறை பார்த்தேன்.

படத்தின் பெயர் 'செவன் இயர்ஸ் பேட் லக்', ஆண்டு 1921, நடித்து இயக்கியவர் பிரான்சைச் சேர்ந்த மாக்ஸ் லிண்டர் என்று பின்னர் அறிந்தேன். சாப்ளின் படங்களையும் பஸ்டர் கீட்டன் படங்களையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இருந்தும் இந்தப் பெயரை இதுவரை கேள்விப்படவே இல்லை என்பது மனத்தை உறுத்துகிறது. இவருடைய திரைவாழ்வு எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது? சாப்ளின் இவரைத் தம் ஆசான் என்று சொன்னது உண்மைதானா? உண்மையென்றால் ஆசானின் பெயர் எப்படி மறைந்தது? எந்தப் படங்களிலிருந்து தொடங்கலாம் என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நண்பருக்கு வணக்கம். சரியான இடத்தில் கால் வைத்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது அவருடைய வாழ்வின் பிற்பகுதியைச் சேர்ந்த படம். அவர் உலகப் புகழின் உச்சியில் இருந்தது அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர்.

இயற்பெயர் காப்ரியேல் மாக்ஸிமிலியன் லெவியெல். 1883 டிசம்பர் 16 அன்று, போர்தோ நகரை அடுத்த சேன்-லூபெஸ் என்னும் ஊரில், திராட்சைத் தோட்டங்கள் வைத்து ஒயின் வடிக்கும் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு மனமெல்லாம் மேடையில் இருந்தது. போர்தோவில் முறைப்படி நடிப்புப் பயின்று, அங்கேயே நாடகங்களில் நடித்துவிட்டு, 1904இல் பாரிசுக்குப் போனார். அங்கு அம்பிகு நாடக அரங்கில் சிறு வேடங்களே கிடைத்தன. மறு ஆண்டு பாத்தே என்னும் பிரெஞ்சுப் பட நிறுவனத்தின் படங்களிலும் தலைகாட்டத் தொடங்கினார். மாலையில் மேடை, பகலில் படப்பிடிப்பு என்று சில ஆண்டுகள் ஓடின.

சினிமா அப்போது சந்தைத் திடல்களிலும் கூடாரங்களிலும் காட்டப்படும் கேளிக்கையாக இருந்தது. மேடை நடிகர்கள் அதில் நடிப்பதைக் கௌரவக் குறைவாகக் கருதினார்கள். நடித்தவர்களின் பெயர் திரையில் வராது. பார்வையாளர்களும் படத்தை நிறுவனத்தின் சேவல் சின்னத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். பாத்தே சேவல் அவ்வளவு பெயர்பெற்றது. அந்தச் சூழலில் ஒரு நடிகரின் பெயரே படத்தின் பெயராக மாறியது என்பதுதான் லிண்டரின் கதையில் என்னை மிகவும் கவர்வது.

1907இல் லூயி காஸ்னியே இயக்கத்தில், பனிச்சறுக்கு பழகப் போகும் ஒருவனைப் பற்றிய சிறு படத்தில் நடித்தார். பட்டுத் தொப்பியும் நீளக் கோட்டும் கையுறையும் பளபளக்கும் காலணியுமாக, விருந்துக்குப் புறப்பட்டவனைப் போல உறைந்த ஏரியில் இறங்கி, வழுக்கி வழுக்கி விழுவதுதான் படம். பின்னால் உலகமே அறியப்போகும் 'மாக்ஸ்' என்னும் ஆள் முதன்முதலில் முழு உருவில் தெரிவது இதில்தான். அது உடனே பெரிய வெற்றி பெறவில்லை. அப்போது பாத்தேயின் முதன்மை நகைச்சுவை நடிகர் ஆந்த்ரே தீத். தட்டுமுட்டுச் சாமான்களை உடைப்பதும் தலைதெறிக்க ஓடுவதும் அவருடைய பாணி. அவர் இத்தாலிக்குப் போய்விட்ட பிறகு ஏற்பட்ட வெற்றிடத்தில்தான் லிண்டருக்கு இடம் கிடைத்தது. 1910க்குள் 'மாக்ஸ் குளிக்கிறார்', 'மாக்ஸ் திருமணம் செய்துகொள்கிறார்' என்ற வகையில், படத்தின் தலைப்பிலேயே அவர் பெயர் வரத் தொடங்கிவிட்டது. 1911 முதல் தம் படங்களைத் தாமே எழுதி இயக்கினார். ஒவ்வொன்றும் ஒரே சுருள், ஏறத்தாழப் பத்து நிமிடம். பாத்தே நிறுவனத்துக்கு உலகெங்கும் கிளைகள் இருந்ததால், பாரிசில் எடுத்த படம் சில வாரங்களில் மாஸ்கோவிலும் நியூயார்க்கிலும் ஓடும்.

1912இல் ஸ்பெயினுக்கும் 1913இல் ரஷ்யாவுக்கும் போனார். போன இடமெல்லாம் மக்கள் திரண்டார்கள். ஸ்பெயின் பயணத்திலேயே காளைச் சண்டையை வைத்து 'மாக்ஸ் தொரெயதோர்' படத்தையும் எடுத்துக்கொண்டார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மேடையில் அவருக்குப் பியானோ வாசித்த இளைஞர் டிமித்ரி தியோம்கின். பின்னாளில் ஹாலிவுட்டில் இசையமைத்து நான்கு ஆஸ்கர் விருதுகள் பெற்றவர். சாப்ளின் கேமராவுக்கு முன் முதன்முதலாக நின்ற காலத்தில், லிண்டர் ஏறத்தாழ ஒன்பதாண்டு அனுபவமும் உலகப் புகழும் பெற்ற நடிகராக இருந்தார்.

மறுமொழி 2

முதல் மறுமொழியில் வரலாறு தெளிவாக வந்துவிட்டது. ஆனால் இவர் ஏன் முக்கியமானவர் என்பது படங்களை அருகிருந்து பார்த்தால்தான் விளங்கும். நான் பரிந்துரைப்பது இரண்டு குறும்படங்கள்: 'மாக்ஸ் குளிக்கிறார்' (1910), அடுத்த ஆண்டு வந்த 'கேங்கினாவுக்குப் பலியான மாக்ஸ்'.

முதல் படத்தில், குளிர்ந்த நீரில் குளிக்கும்படி மருத்துவர் மாக்ஸுக்குச் சொல்கிறார். மாக்ஸ் கடையில் ஒரு குளியல் தொட்டியை வாங்கி, தானே சுமந்துகொண்டு வீட்டுக்கு வருகிறான். குடியிருப்பிலோ குழாய் மாடிப்படியின் முகப்பில், எல்லா வீடுகளுக்கும் பொதுவாக இருக்கிறது. சிறு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து வந்து தொட்டியில் ஊற்றுகிறான், மறுபடி போகிறான், மறுபடி வருகிறான். இப்படியே போனால் நாள் போதாது என்று கண்டுகொண்டு, தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாகத் தொட்டியைத் தண்ணீருக்குக் கொண்டுபோகிறான். படிமுகப்பில், எல்லோரும் ஏறி இறங்கும் வழியில், தொட்டிக்குள் உட்கார்ந்து நிம்மதியாகக் குளிக்கிறான். அக்கம்பக்கத்தார் கொதித்தெழுகிறார்கள். காவலர்கள் தொட்டியோடு சேர்த்து அவனைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே எழுந்து நில் என்றால் எப்படி எழுந்து நிற்பான்? கடைசியில் தொட்டியை முதுகில் கவிழ்த்துக்கொண்டு, ஆமை ஓட்டுக்குள் இருப்பதைப் போல ஊர்ந்து தப்பிக்கிறான். கட்டடச் சுவரில் அவன் ஏறும் காட்சி, தரையில் வரைந்த சுவரின் மேல் தவழவிட்டு மேலிருந்து படம்பிடித்த பழைய தந்திரம். சொல்லித் தெரிந்த பிறகும் கண்ணுக்கு இனிமையாகவே இருக்கிறது.

இதில் மாக்ஸ் செய்யும் ஒவ்வொரு காரியமும் அறிவுக்குப் பொருந்துவது என்பதைக் கவனியுங்கள். முட்டாள்தனத்தால் அவன் சிக்கிக்கொள்வதில்லை. நாகரிக மனிதன் ஒருவன், நாகரிகமான ஒரு தேவையை, கையில் உள்ள வசதியைக்கொண்டு நிறைவேற்றப் பார்க்கிறான். சூழ்நிலை அவனைப் படிப்படியாக அவமானத்தின் விளிம்புக்குத் தள்ளுகிறது. அவனோ கடைசிவரை மரியாதை குறையாமல் நடந்துகொள்ளவே முயல்கிறான். அந்த முயற்சிதான் சிரிப்பை வரவழைக்கிறது. ஆந்த்ரே தீத் படங்களில் பாத்திரங்கள் உடைந்தன. லிண்டர் படங்களில் கௌரவம் உடைகிறது, அதுவும் சத்தமில்லாமல்.

கேங்கினா படத்தில் இந்த முறை இன்னும் முதிர்ந்துவிட்டது. உடல் தேற வேண்டுமென்று மருத்துவர் மாக்ஸுக்கு நாள்தோறும் ஒரு கோப்பை கேங்கினா ஒயின் எழுதிக் கொடுக்கிறார். சிங்கோனாப் பட்டை கலந்த மருந்து ஒயின் அது. மாக்ஸ் வீட்டில் எடுப்பது வழக்கமான கோப்பை அல்ல, நினைவுப் பொருளாக வாங்கி வைத்த மிகப் பெரிய கோப்பை. மருந்து என்பதால் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத் தெருவில் இறங்குகிறான். போதையில் அடுத்தடுத்துப் பெரிய மனிதர்களோடு தகராறு செய்கிறான்: ஒரு காவல் அதிகாரி, ஒரு தூதர், போர்த்துறை அமைச்சர். அக்கால வழக்கப்படி, நாளை வாள்முனையில் சந்திப்போம் என்று ஒவ்வொருவரும் தம் முகவரி அட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இதற்குப் பிறகு, தெருவில் தள்ளாடும் மாக்ஸைப் பிடிக்கும் காவலர்கள் சட்டைப் பையில் இருக்கும் அட்டையைப் பார்த்து, ஐயோ, இவர் தூதரல்லவா என்று பதறி, வணக்கம் வைத்து, பத்திரமாகத் தூதரின் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அங்கிருந்து வெளியே தள்ளப்பட்டால் அடுத்த காவலர், அடுத்த அட்டை, அடுத்த வீடு.

சாதாரண ஓர் அட்டை, அதைக் கொடுத்தவரின் சினத்தைக் காட்டும் பொருளிலிருந்து, வைத்திருப்பவனுக்கு மரியாதை வாங்கித் தரும் பொருளாக மாறிவிடுகிறது. பத்து நிமிடப் படத்தில், பெரும்பாலும் முழு உருவமும் தெரியும்படி நிலையாக நிறுத்திய கேமராவில், வசன அட்டைகளை மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டு, ஒரு காலத்துச் சமூகத்தின் படிநிலை முழுவதையும் காட்டிவிட்டார். நான் பார்த்த ஒரு சுருள் நகைச்சுவைப் படங்களில் இதைவிடக் கச்சிதமாகக் கட்டப்பட்ட கதையைக் கண்டதில்லை.

நடிப்பைப் பற்றி இன்னொன்று. அவர் குடிகாரனாக நடிக்கும்போது தள்ளாடுவதைக் காட்டுவதைவிட, தள்ளாடாமல் நிற்க முயல்வதைக் காட்டுகிறார். தொப்பியைச் சரிசெய்வார், கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிடுவார், மீசையைத் தடவுவார். இந்தச் சிறு அசைவுகளுக்காகவே அவரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கேட்டவர்

இரண்டு மறுமொழிகளுக்கும் மனமார்ந்த நன்றி. கேங்கினா படத்தை இன்று பார்த்தேன். காவலர் அட்டையைப் படித்ததும் அவர் உடல் விறைத்து வணக்கம் வைக்கும் இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தந்தையார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. மௌனப்படம் பார்க்கும் பழக்கமே இல்லாதவர்.

கண்ணாடிக் காட்சியை முதன்முதலில் உருவாக்கியவர் லிண்டர்தானா? அப்படிப்பட்டவர் பாரிசை விட்டு அமெரிக்காவுக்கு ஏன் போனார்? சாப்ளினைப் பற்றிய என் கேள்விக்கும் யாராவது விடை சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 3

சாப்ளின் கையெழுத்திட்டு லிண்டருக்கு அளித்த ஒரு புகைப்படம் உண்டு. அதில் லிண்டரைப் பேராசிரியர் என்றும் தம்மை அவருடைய சீடன் என்றும் எழுதிக் கொடுத்தார். ஆகவே மரியாதை உண்மையானது. ஆனால் இதை வைத்துக்கொண்டு, சாப்ளின் லிண்டரை நகலெடுத்தார் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. மீசை, கைத்தடி, தொப்பி மூன்றும் இருவருக்கும் பொது. ஒரே ஆளைப் படத்துக்குப் படம் கொண்டுவந்து, பெயரைக் கேட்டதும் மக்கள் கொட்டகைக்கு வரும்படி செய்யலாம் என்ற வழியும் லிண்டர் போட்டது. ஆனால் லிண்டரின் மாக்ஸ் மேல்தட்டிலிருந்து வழுக்கி விழுகிறவன். சாப்ளினின் நாடோடி கீழே கிடந்துகொண்டே கனவானைப் போல நடந்துகொள்கிறவன். தலைகீழாகத் திருப்பிய இந்த ஒரு திருப்பத்தில்தான் சாப்ளினின் மேதைமை இருக்கிறது. சாப்ளினைத் திரைக்குக் கொண்டுவந்த மாக் செனட்டும், தம் தொடக்ககால எண்ணங்களைப் பாத்தேயின் பிரெஞ்சுப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டதைப் பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்கப் பயணத்துக்குக் காரணம் போர். 1914இல் முதல் உலகப்போர் மூண்டதும் லிண்டர் படையில் சேர்ந்து, செய்திகளை எடுத்துச் செல்லும் வாகன ஓட்டியாகப் பணியாற்றினார். அவர் இறந்துவிட்டதாகக்கூட ஒரு முறை வதந்தி பரவியது. உயிரோடு திரும்பினார், ஆனால் நுரையீரல் கெட்டு, உடல்நலம் மீளவே இல்லை. மனச்சோர்வும் அப்போதிலிருந்து அவரைத் தொடர்ந்தது. 1916இல் சாப்ளின் எஸ்ஸனே என்னும் அமெரிக்கப் பட நிறுவனத்தை விட்டு மியூச்சுவல் நிறுவனத்துக்குப் போனபோது, அந்த இடத்தை நிரப்ப எஸ்ஸனே லிண்டரை அழைத்தது. பன்னிரண்டு படங்கள், வாரம் ஐயாயிரம் டாலர் என்பது ஒப்பந்தம். சீடன் விட்டுப்போன நாற்காலியில் ஆசானை உட்கார வைத்து, அவரைப் போலவே மக்களைக் கொண்டுவா என்று சொன்னதற்கு அது சமம். 1917இல் மூன்று படங்கள் மட்டுமே வெளிவந்தன, வரவேற்பு போதவில்லை. உடல்நிலை மீண்டும் மோசமாகி ஒப்பந்தம் முறிந்தது.

பிரான்சுக்குத் திரும்பி 1919இல் 'லெ பெத்தீ கஃபே' என்னும் முழுநீளப் படத்தில் நடித்தார். திரிஸ்தான் பெர்னாரின் நாடகத்தை அவருடைய மகன் ரேமோன் பெர்னார் படமாக்கினார். உணவு விடுதிப் பரிமாறுபவனுக்குத் திடீரென்று பெருஞ்சொத்து வருகிறது; ஆனால் முதலாளியோடு செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தத்தால் வேலையை விட முடியாது. பகலில் கோப்பை ஏந்துகிறவன், இரவில் பெருஞ்செல்வன். பிரான்சில் நன்றாக ஓடிய இந்தப் படத்தை அமெரிக்கா கண்டுகொள்ளவில்லை.

அதன் பின் மீண்டும் அமெரிக்கா போய், இம்முறை சொந்தத் தயாரிப்பில் மூன்று முழுநீளப் படங்கள் எடுத்தார். முதலாவது நீங்கள் பார்த்தது. கண்ணாடிக் காட்சியோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் முடிச்சு இன்னும் அழகானது. ஏமாற்றப்பட்டதைத் தெரிந்துகொண்ட மாக்ஸ், சட்டம் வெறுமையாக இருக்கிறதென்று எண்ணிக் காலணியை வீசுகிறான். அதற்குள் வேலைக்காரன் புதுக் கண்ணாடியை வரவழைத்துப் பொருத்திவிட்டதால், உண்மையான கண்ணாடி உடைகிறது. ஏழாண்டுத் துரதிர்ஷ்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நிச்சயித்த பெண் பிரிந்துபோகிறாள், பயணச்சீட்டில்லாத ரயில் பயணம், சிங்கக் கூண்டு என்று படம் வேறொரு வேகத்தில் ஓடுகிறது. அதே 1921இல் வந்த 'பீ மை வைஃப்' படத்தில், காதலியின் அத்தையை நம்பவைப்பதற்காக, இல்லாத திருடனோடு திரைச்சீலைக்குப் பின்னால் சண்டையிடுகிறான். நமக்குத் தெரிவது சீலைக்குக் கீழே கால்கள் மட்டும். ஒருவரே இரு ஆட்களின் கால்களாக நடிக்கிறார். கண்ணாடிக் காட்சியை மெச்சுகிறவர்கள் இதைத் தவறவிடுவது எனக்கு வருத்தம். மூன்றாவது, அமெரிக்க நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் 'தி த்ரீ மஸ்கெட்டியர்ஸ்' (மூன்று வீரர்கள்) படத்தைக் கேலி செய்து 1922இல் எடுத்த 'தி த்ரீ மஸ்ட்-கெட்-தேர்ஸ்'. பதினேழாம் நூற்றாண்டு உடையில் மோட்டார் சைக்கிளும் தொலைபேசியும் வரும்.

கண்ணாடிக் காட்சியைத் திரையில் முதலில் செய்தவர் லிண்டர்தான் என்பதில் ஐயமில்லை. அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் 1933இல் 'டக் சூப்' படத்தில் செய்தது இதன் மறுவடிவம்.

மறுமொழி 4

மேலே எழுதியவரின் கருத்துகள் அனைத்தோடும் உடன்படுகிறேன். கடைசிப் பத்தியை மட்டும் திருத்த வேண்டும். வெற்றுச் சட்டத்துக்கு இருபுறமும் இருவர் நின்று ஒருவரை ஒருவர் பிரதிபலிக்கும் வித்தை, சினிமாவுக்கு முன்பே மேடைக் கோமாளிகளிடம் புழங்கியது. திரையிலும் சாப்ளின் 1916இல் 'தி ஃப்ளோர்வாக்கர்' படத்தில், தம்மைப் போலவே இருக்கும் ஒருவரை எதிர்கொண்டு பிம்பமென்று மயங்கும் காட்சியை நடித்துவிட்டார். லிண்டரின் பெருமை அதைக் கண்டுபிடித்ததில் இல்லை. பலர் கையில் சில நொடி வேடிக்கையாக இருந்ததை எடுத்து, ஒரு மனிதனின் ஐயம், சோதனை, ஏமாற்றம், தெளிவு என்று பல நிமிட நாடகமாக வளர்த்ததில் இருக்கிறது. இதைச் சொல்வதால் அவர் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

ஏன் மறக்கப்பட்டார் என்ற கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. எனக்குத் தெரிந்தவரை காரணங்கள் பெரும்பாலும் நடிப்பைச் சார்ந்தவை அல்ல. போருக்கு முன் உலகத் திரைகளை ஆண்டது பாத்தே. போர் முடிந்தபோது அந்த இடம் அமெரிக்கப் படங்களின் கைக்குப் போய்விட்டது. லிண்டருக்கு உலகைத் திறந்துவிட்ட வாசலே மூடிவிட்டது. அடுத்தது படச்சுருள்களின் அழிவு. அவர் உச்சத்தில் இருந்தபோது எடுத்தவை ஒரு சுருள் படங்கள். அவற்றின் பிரதிகள் தேயும்வரை ஓட்டப்பட்டன. அக்காலத்து நைட்ரேட் வகைப் படச்சுருள்கள் தாமாகச் சிதைந்தன. பல, அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டன. சாப்ளின் போருக்குப் பின் தம் படங்களைத் தாமே உடைமையாக்கிப் பாதுகாத்தார். அந்த வாய்ப்பும் ஆயுளும் லிண்டருக்குக் கிடைக்கவில்லை. இன்று எஞ்சியிருக்கும் குறும்படங்களில் சில, வீடுகளில் போட்டுப் பார்ப்பதற்காகப் பாத்தே விற்ற 9.5 மில்லிமீட்டர் சிறு சுருள்களின் வழியாகத் தப்பிப் பிழைத்தவை.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய பின் அவர் நடித்தவை இரண்டே படங்கள். ஒன்று அபேல் கான்ஸ் இயக்கிய 'ஒ செக்கூர்' (1924). பேய் மாளிகையில் நள்ளிரவுவரை உதவி கேட்காமல் இருந்துகாட்டுவதாகப் பந்தயம் கட்டியவனின் கதை. சிரிப்பு நடிகர் அச்சத்தில் நடுங்குவதை இதில் பார்க்கும்போது நமக்கும் உண்மையிலேயே நடுக்கம் வருகிறது. மற்றது வியன்னாவில் வில்மா பாங்கியோடு நடித்த சர்க்கஸ் படம்.

1923இல் நினெத் பீட்டர்ஸ் என்னும் மிக இளம் பெண்ணை மணந்தார். 1924 ஜூனில் மகள் மோத் பிறந்தார். நோயும் மனச்சோர்வும் மனைவி மீதான கடும் சந்தேகமும் சேர்ந்து அந்த இல்லறத்தைக் குலைத்தன. 1925 அக்டோபர் 31 அன்று பாரிசில் ஒரு விடுதி அறையில் நடந்தவற்றால் இருவரின் வாழ்வும் முடிந்தது. லிண்டருக்கு நாற்பத்தொரு வயது. இதைக் காதலர்களின் இணைச்சாவாக அழகுபடுத்தி எழுதுகிறவர்களை நான் வன்மையாக மறுக்கிறேன். அந்த இளம்பெண்ணின் விருப்பம் அதில் எவ்வளவு இருந்தது என்பதைக் கேட்காமல் இந்த முடிவைப் பற்றி எழுதக் கூடாது.

பதினாறு மாதக் குழந்தையாக இருந்த மோத், தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்தார். தந்தை யார் என்பதை அவருடைய படங்களின் வழியாக, வளர்ந்த பிறகே அறிந்துகொண்டார். உலகெங்கும் சிதறிக் கிடந்த சுருள்களைத் தேடிச் சேர்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். மூன்று அமெரிக்கப் படங்களையும் தொகுத்து 1963இல் ஒரு படம் வெளியிட்டார். 1983இல் தந்தையைப் பற்றி 'பட்டுத் தொப்பி மனிதர்' என்ற பொருளுடைய தலைப்பில் ஆவணப்படம் எடுத்தார். 2017இல் மறைந்தார். நீங்கள் இன்று வீட்டிலிருந்தபடி கேங்கினா படத்தைப் பார்க்க முடிவதில் அந்த அம்மையாரின் உழைப்புக்கும் பங்கு உண்டு. பாரிசில் புவாசொன்னியேர் பெருவீதியில் லிண்டர் தம் பெயரைச் சூட்டிய திரையரங்கும் அதே பெயருடன் இன்றும் இயங்குகிறது.

கேட்டவர்

நினெத் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதையும் பார்க்க மனம் வரவில்லை. சொல்லியதற்கு நன்றி, தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நடைமுறை சார்ந்த ஒரே கேள்வி. 'மாக்ஸ் குளிக்கிறார்' படத்தை இணையத்தில் இரண்டு பிரதிகளாகக் கண்டேன். ஒன்றில் எல்லோரும் விசை முடுக்கிய பொம்மைகளைப் போல ஓடுகிறார்கள். மற்றதில் மனிதர்களைப் போல நடக்கிறார்கள். எது சரியானது?

மறுமொழி 2 எழுதியவர்

இரண்டாவதையே பாருங்கள். அக்காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றினார்கள்; நொடிக்குப் பதினாறு, பதினெட்டுப் படச்சட்டங்கள் என்பது பொது வழக்கம். பின்னாளில் பேசும்படத்துக்கான இருபத்துநான்கு என்ற வேகத்தில் அப்படியே ஓட்டியதால்தான், மௌனப்பட மனிதர்கள் அனைவரும் துள்ளித் துள்ளி ஓடுகிறவர்கள் என்ற எண்ணம் நமக்குப் படிந்துவிட்டது. துரத்தலையும் அடிதடியையும் நம்பிய நடிகர்களுக்கு இதனால் பெரிய சேதமில்லை. லிண்டருக்கு ஏற்பட்டது பெருஞ்சேதம். கையுறையைக் கழற்றும் முன் அவர் ஒரு கணம் தயங்குவதும், கண்ணை மட்டும் திருப்பி நம்மைப் பார்ப்பதும், அந்த வேகத்தில் காணாமல் போய்விடுகின்றன.

உங்கள் இயக்கு மென்பொருளில் வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால், வேகமான பிரதியையும் முக்கால் பங்கு வேகத்தில் வைத்துப் பாருங்கள். மாக்ஸ் மூன்றாம் முறையாகத் தண்ணீர் பிடித்து வரும்போது நடை எப்படி மாறுகிறது என்பதைத் தந்தையாரோடு சேர்ந்து கவனித்துச் சொல்லுங்கள்.